வெறும் வயிற்றில் வெண்பொங்கல்

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதிது. திருப்பதியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். எங்கள் பெண்ணும் கல்யாணமாகி அங்கே போனவள்தான். அவளுடைய தலைப்பிரசவத்துக்கு நானும் மனைவியும் போவதாக ஏற்பாடு. விசா வந்தது, டிக்கெட் வந்தது, கூடவே எனக்கு ட்ரைகிளிசரைடும் வந்தது.

ரத்தத்தில் அந்தக் கொழுப்பு நானூற்றைத் தாண்டிவிட்டதாம். கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, இதற்கு ஒன்று என இரண்டு மாத்திரை எழுதினார் டாக்டர். "இது இறங்காம ஃப்ளைட் ஏற விடமாட்டேன் ஸ்வாமி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனைவி அன்றைக்கே நெய் ஜாடியை பீரோவில் வைத்துப் பூட்டினாள். எனக்குச் சுரைக்காய் என்றால் அவளுக்கும் சுரைக்காய். ஒரு மாதம் கழித்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். இன்னும் ஏறியிருந்தது!

"நிஜம் செப்பண்டி, வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "பெருமாள் மேல சத்தியமா ஓட்டல் வாசப்படி மிதிக்கலை. டெஸ்ட் அன்னிக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை!" என்றேன். என் சத்தியத்தை நம்பி அவர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார்.

அதன்பிறகு தொடையிலும் ஆடுசதையிலும் அப்படி ஒரு வலி. பெருமாளைச் சேவித்துவிட்டு எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வயசாகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

"ஏன்னா, எங்கிட்டயாவது சொல்லுங்கோ. பஜ்ஜி கிஜ்ஜி ஏதாவது..." என்று மனைவி ஆரம்பித்தாள். என்னையா சந்தேகப்படுகிறாய் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் கேட்கவே இல்லை.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அடுத்த டெஸ்ட். லேபில் புதிதாக ஒரு அம்மாள், பிச்சாட்டூர் பக்கத்துக்காரர். அவர் ரத்தம் எடுத்து முடித்ததும் வழக்கம்போல் தொன்னையை நீட்டினேன். தெருக்கோயிலில் காலையில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நானும் ஒருவன். முடிந்ததும் சுடச்சுட வெண்பொங்கல் கொடுப்பார்கள். லேபுக்காரர்களுக்கும் கொஞ்சம் கொண்டுபோவேன். இதுவரை இருந்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்களே தவிர, ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த அம்மாள் ஒரு வாய் போட்டுக்கொண்டு விரலைப் பார்த்தார். "இன்னா சாமி, நெய் இம்மாம் வழியுது! நீங்க துன்னலியா?"

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லுவாளா? கோஷ்டியிலேயே வாங்கிண்டு நேரா அங்கேர்ந்துதாம்மா வரேன்."

அவர் ரத்தக் குழாயைப் பார்த்தார், தொன்னையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐய! வெறும் வயிறுன்னு சொல்லிக்கினு, இத்தினி நாளா பொங்கலத் துன்னுட்டா வந்துகினு இருக்கீங்க?"

"அது பிரசாதம்மா!"

"உங்களுக்குப் பிரசாதம் சாமி. ரத்தத்துக்கு இன்னா தெரியும்? அதுக்கு நெய்யி நெய்யிதான். நாளைக்குக் கோயிலுக்குப் போறதுக்கு முன்னால வாங்க."

எனக்குக் காதுமடல் சுட்டது. அறுபது வருஷத்தில் ஒருநாளும் அதைச் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. கையில் வாங்கினோம், கண்ணில் ஒற்றினோம், வாயில் போட்டோம், அவ்வளவுதான். கை கொள்ளாமல் வாங்குவேன் என்பது வேறு விஷயம்.

மறுநாள் பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கால் வலியைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, அது மாத்திரை கூடினதால் வந்த வலி, இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று ஒரு பாட்டம் திட்டினார். மாத்திரையைக் குறைத்து, போய்வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டு, அர்ச்சனைக்காகக் காத்திருந்தேன். அவளோ சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"சத்தியம் பண்ணினேளே! ஒண்ணும் சாப்பிடாமலே ஏறறதுன்னா உள்ளே ஏதோ பெரிய வியாதின்னு நெனைச்சுண்டேன். நீங்க தூங்கறச்சே மூச்சு வரதான்னு பாத்துப் பாத்து..."

நான் பொய் சொல்லவில்லை என்கிற திமிரில் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அவள் தூங்கவில்லை. இன்றும் எந்த டாக்டராவது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.