தகட்டில் ஒட்டிய வாசனை

2011 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. வழக்கம்போலக் குளித்து, சாமி கும்பிட்டு, அறை அறையாகச் சாம்பிராணிப் புகை காட்டினேன். மனைவியின் இழுப்புக்காகச் சேலத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காற்றுச் சுத்திகரிப்பு மிஷினுக்கும் ஒரு சுற்று காட்டினேன்.

அதற்குள் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பிகள் உண்டு. அவற்றைக் கடக்கும் தூசு மின்னேற்றம் பெற்று, அடுத்துள்ள தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். தகடுகள் சீக்கிரமே கறுத்துப்போயின. எங்கள் ஜன்னலுக்கு எதிரே, பக்கத்து வீட்டம்மா வெந்நீர் போடும் விறகடுப்புதான் காரணம் என்று முடிவுகட்டி, முந்தின வாரம் அவரிடம் கறாராகச் சொன்னேன். அவர் அன்றே அடுப்புக் கற்களைத் தம் தாழ்வாரத்திலிருந்து கூரையில்லாத கொல்லைக்கு மாற்றினார். மழையில் ஒரு கையில் குடை பிடித்தபடி அடுப்பை ஊதினார்.

அடுப்பு போன பிறகும் தகடுகள் கறுத்தன. அந்த வெள்ளி மாலை அவற்றைக் கழற்றி வெளிக்குழாயில் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடிக்க வந்த அவர் ஒரு தகட்டை எடுத்து முகர்ந்தார்.

“ஏனுங்க, உங்க மிசினு கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சுங்களா? சாம்பிராணி நொம்ப வாசமா இருக்குதுங்க.”

நானும் முகர்ந்தேன். விறகுப்புகை வாசமே இல்லை. மனைவியை மூச்சுத்திணற வைத்தது என் கைப்புகைதான். அவர் சிரித்தபடியே குடத்தை எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் விடிந்ததும், பல்கூடத் துலக்காமல், கொல்லையில் நனைந்து கிடந்த மூன்று கற்களையும் தூக்கி வந்து தாழ்வாரத்துக் கரித்தடத்தின் மேலேயே வைத்தேன்.