பாய்லர்க்காரர் பார்த்த காற்று

உலகத்தில் பாதிச் சட்டைகளின் சுருக்கத்தை எடுத்தவர் இந்த பாய்லர்க்காரர்தான். அவர் ஒருநாள் லீவு போட்டால் ஏழு நாட்டு மந்திரிகள் கசங்கிய காலரோடுதான் கைகுலுக்க வேண்டும். அவர் சட்டையில் மட்டும் இரண்டு பொத்தான் கிடையாது, அதைக் கேட்கக்கூடாது.

ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் இஸ்திரிக்கு ஆவி கொடுப்பது அவர் வேலை. முதலில் பாய்லர் எரிவாயுவில்தான் ஓடியது. கடலுக்கு அப்பால் எங்கோ சண்டை வந்தது, வாயு விலை எகிறியது. சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரனோ கால் காசு கூட்டித் தரமாட்டேன் என்றுவிட்டான். வெட்டி மிஞ்சிய துணி பின்பக்கம் மலைபோலக் கிடக்க, அதையே எரிக்கச் சொன்னார் முதலாளி. பாதி நைலான். புகை தொண்டையைப் பிறாண்டிக்கொண்டு இறங்கும். வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் காய்ந்த விறகு. அன்று புகைபோக்கி ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி நிற்கும்.

புகைபோக்கிக்கு மேற்கே அவர் வீடு. மனைவிக்கு இளைப்பு. “உங்க கம்பெனியத்தான் நாள் முழுக்க உள்ள இழுக்கிறேன், எனக்கும் சம்பளம் கேளுங்க” என்பாள். சிரிக்கப் போய் இருமுவாள்.

மனிதர் பாய்லர் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் கம்பியில் ஒரு துணிக்கீற்றைக் கட்டினார். கீற்று கிழக்கே பறந்தால் கழிவுத் துணியை அள்ளிப் போடுவார். மேற்கே திரும்பினால், பார்வையாளர் வந்த நாளில் மிச்சம்பிடித்து ஒளித்த விறகை எடுப்பார். வானிலை அறிக்கை வாசிக்கிறாரா என்று மேஸ்திரி நக்கலடித்தும் விடவில்லை. கிழக்கே வெறும் பொட்டல்தான், யாருக்கும் கெடுதல் இல்லை.

அந்த ஏற்பாட்டில் அவள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கூடுதலாக இருந்தாள். பிறகு அவசர ஆர்டர் ஒன்று வந்த வாரத்தில் விறகு தீர்ந்தது. காற்று மேற்கு நோக்கியே அடித்தது. பாய்லரை நிறுத்தினால் வேலை போய்விடும். நிறுத்தவில்லை. ஆறாம் நாள் அவளுக்குப் பேச்சு நின்றது, ஒன்பதாம் நாள் மூச்சு. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர் துணிக்கீற்றை அவிழ்த்து அதையும் உலையில் போட்டார்.

இவ்வளவையும் எழுதிய மகள் அவருக்கு வாசித்துக் காட்டினாள். மந்திரிகள் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். அம்மா வந்த இடத்தில் சுவரைப் பார்த்தார். முடிந்ததும் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“கிழக்க வெறும் பொட்டல்னு எழுதியிருக்க.”

அவள் நகத்தைக் கடித்தாள்.

“உன்கூடப் படிச்ச பொண்ணு, வாயில இன்ஹேலர வச்சு உறிஞ்சிக்கிட்டே வருமே, அதோட வீடு எந்தப் பக்கம்டி?”