ஹட் பேயிலிருந்து வந்த எஞ்சின்

எங்கள் வீடு போர்ட் பிளேயருக்கு வெளியே, பெரார்கஞ்சில் இருக்கிறது என்றுதான் எல்லோரிடமும் சொல்வோம். உண்மையில் பெரார்கஞ்ச் கடைவீதியைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஒரு மண்பாதையின் உச்சியில் இருக்கிறது. அங்கே மொத்தம் ஆறு வீடுகள். வெயில் காலத்தில் ஆட்டோக்காரர்கள் முனகிக்கொண்டே மேலே வருவார்கள். முதல் மழை விழுந்துவிட்டால் கீழேயே நிறுத்தி, "இதர் தக் ஹீ ஜாயேகா" என்று இறக்கிவிட்டுவிடுவார்கள். அதற்கு மேல் ஏறக்கூடிய ஒரே வண்டி எங்கள் ஜீப்தான். பழைய பெட்ரோல் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும். என் கணவர் அரசு ஏலத்தில் எடுத்தது.

ஆறு வீட்டு கேஸ் சிலிண்டரும் அதில்தான் ஏறும். அரிசி மூட்டை, கோழித்தீவனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருமுறை பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரப் பெண், எல்லோருக்கும் அதுதான் வண்டி.

ஒரு மே மாதக் கடைசியில், பாதி மேட்டில், அந்த ஜீப்புக்குள்ளிருந்து ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்த கம்பி உடைந்து இரும்பையே குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. மேலிருந்து கயிறு கட்டி, எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு, ஜீப்பை மெதுவாகக் கீழே இறக்கினோம். சாலையோரத்தில் மூடிக்கிடந்த ஒரு கடையின் தகரக் கொட்டகைக்குள் தள்ளி வைத்தோம். கடைக்காரர் பெங்காலி. "ரக்கோ, ரக்கோ, நானும் மேலதான குடியிருக்கேன்" என்று ஹிந்தியும் தமிழுமாகச் சொல்லிவிட்டார்.

போர்ட் பிளேயரில் மூன்று ஒர்க்ஷாப்களில் கேட்டோம். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இந்த எஞ்சினுக்கு இனி சாமான் கிடைக்காது, மெயின்லேண்டிலும் கிடைக்காது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். என் கணவர் எலக்ட்ரீஷியன். கட்டடங்களுக்கு வயரிங் காண்ட்ராக்ட் எடுப்பவர். வாய் ஓயாத மனிதர். ஜூன் பிறந்துவிட்டது. ஆறு வீட்டு ஆண்களும் பெண்களும் முறைபோட்டு சிலிண்டரைத் தோளில் ஏற்றத் தொடங்கினோம்.

அப்போதுதான் புரோத்ராபூரில் இருக்கும் ஒரு படகு மெக்கானிக்கைப் பற்றி யாரோ சொன்னார்கள். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் மாட்டுவது அவர் தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஜெபமாலை இருக்கும், அதோடு ஒரு சிறிய ஸ்பேனரும். வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"அண்ணே, நீங்க இதுவரைக்கும் வண்டி வேலை பாத்திருக்கீங்களா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. ஆனா வண்டி எஞ்சின எடுத்துப் படகுல வச்சிருக்கேம்லா. எத்தனையோ வச்சிருக்கேன். வண்டி எஞ்சின வண்டிலயே வைக்கதுக்கு என்ன கஷ்டம்?"

எங்களுக்கு அவரை விட்டால் வேறு ஆளும் இல்லை.

டீசல் எஞ்சின்தான் மேட்டுக்கு நல்லது என்றார் அவர். தெற்கே இன்னொரு தீவிலுள்ள ஹட் பேயில் ஒரு பிக்கப் வண்டி மேல் மரம் விழுந்து கேபின் நசுங்கிக் கிடப்பதாகவும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அவருக்குத் தெரிந்த படகுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அடுத்த கப்பலில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம்.

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறேன். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து ஆயிரம் பேரை ஹட் பேக்கு அனுப்பியிருக்கிறேன். நான் போனது அதுதான் முதல் தடவை. பாதி வழியில் கடல் கொஞ்சம் ஆட்டம் காட்டியது. என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மெக்கானிக் அண்ணன் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார்.

பிக்கப்பின் சொந்தக்காரர் ஒரு வயதான தெலுங்குக்காரர். முன்பு எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வண்டியைப் பார்த்ததும் எனக்கு மனது விட்டுப்போனது. மேற்பகுதி காலால் மிதித்த டப்பா மாதிரி இருந்தது. அண்ணன் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. பாட்டரி கொண்டுவரச் சொன்னார், ஒரு பாட்டிலில் டீசல் நிரப்பித் தொங்கவிட்டார், கம்பியை உரசினார். இரண்டாவது தடவையில் எஞ்சின் எழுந்துவிட்டது. கோழிகள் நாலாபக்கமும் ஓடின. எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் வாயை உள்ளங்கையால் மூடி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"என்னண்ணே?" என்றார் என் கணவர்.

"உள்ள ஆவி அடிக்கல. ரிங்கு எல்லாம் நல்லாருக்கு. இத விட்டுறாதிய."

பெரியவர் சிரித்தார். "அச்சா இஞ்சன் ஹை பேட்டி. காடி மர் கயா, இஞ்சன் நஹி மரா" என்றார் என்னிடம்; வண்டிதான் செத்துப்போனது, எஞ்சின் சாகவில்லையாம்.

மறுநாள் எஞ்சினைக் கழற்றி, பழைய டயர் மேல் உட்காரவைத்துக் கட்டி, ஜெட்டிக்குக் கொண்டுவந்தோம். கடல் சரியில்லை, கப்பல் இல்லை என்றார்கள். அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நானே கவுண்டர் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "ஆஜ் கன்ஃபர்ம் நஹி ஹை, ஷாம் கோ பூச்சோ" என்றாள். வருடக்கணக்காக நான் சொல்லும் அதே 'இன்றைக்கு உறுதியில்லை, சாயங்காலம் கேளுங்கள்', அதே சலிப்போடு. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் யாரென்று சொன்னேன். அவளும் சிரித்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். கப்பலை மட்டும் அவளாலும் வரவழைக்க முடியவில்லை.

அந்த மூன்று நாளும் பெரியவர் வீட்டில்தான் சாப்பாடு. காரம் தாங்காமல் என் கணவர் தண்ணீரும் கையுமாக இருந்தார். அதற்குப் பிரதியாக அந்த வீட்டு வயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் கப்பல் வந்தது. எஞ்சின் எங்களோடு ஏறியது.

மாட்டும் வேலை தகரக் கொட்டகையில் நடந்தது. மூன்று மரத்தடிகளை மேலே சேர்த்துக் கட்டி, சங்கிலிக் கப்பியில் எஞ்சினைத் தொங்கவிட்டார்கள். அது ஜீப்பின் கியர் பெட்டியோடு சேரவே சேராது; இரண்டுக்கும் போல்ட் துளைகள் வேறு வேறு இடத்தில். நடுவில் ஒரு கனத்த இரும்புத் தட்டு வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும். அண்ணன் அட்டைப் பெட்டியை வெட்டி, கிரீஸ் தடவி, எஞ்சினில் அழுத்தி அளவெடுத்தார். போர்ட் பிளேயரில் லேத் வைத்திருந்த மலையாளி அதைப் பார்த்துக் கடைந்து கொடுத்தார். முதல் தட்டு ஒரு நகக்கண் அளவு விலகிவிட்டது. மழையில் அட்டை ஊறிப் பெருத்திருந்ததுதான் காரணம். இரண்டாவது முறை அண்ணன் அட்டையை நம்பவில்லை, தகரத்தில் வெட்டினார். அது பொருந்தி உட்கார்ந்தபோது கொட்டகையில் இருந்த எல்லோரும் கை தட்டினோம்.

புது எஞ்சின் பழையதைவிட நீளம். அதன் மூக்கு ரேடியேட்டரை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நின்றது. நடுவில் விசிறிக்கு இடமில்லை. யோசித்துவிட்டு, ஒரு பழைய காரின் கரண்ட் விசிறியைக் கொண்டுவந்து ரேடியேட்டருக்கு முன்பக்கம் மாட்டினார்கள். வயர் கொடுப்பது என் கணவரின் பொறுப்பு. அவர் அதை ஒரு கல்யாண மண்டபத்துக்குச் செய்வதுபோல அழகாகச் செய்தார்.

ஜூலை நடுவில் ஒரு மதியம் ஜீப் தானாக நகர்ந்தது. கடைவீதி வரை போய் வந்தோம். சத்தம் பயங்கரம், ஆனால் ஓட்டம் யானைக்குட்டி மாதிரி. ஆறு வீட்டுக்காரர்களும் கீழே இறங்கி வந்திருந்தார்கள். முதல் ஏற்றத்துக்கு ஐந்து சிலிண்டர் ஏற்றினோம். ஜீப் முனகாமல் ஏறியது. பாதி மேட்டில் சூட்டு முள் சிவப்புக்குப் போனது, முன்பக்கம் ஆவி கிளம்பியது. நிறுத்தி, ஆற வைத்து, மறுபடி ஏற்றினோம். மறுபடி ஆவி.

அதற்கப்புறம் ஒரு வாரம் அண்ணனுக்குத் தூக்கமில்லை. தண்ணீர் பம்பைக் கழற்றிப் பார்த்தார். ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். எஞ்சினின் மேல்மூடியையே திறந்து பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. சமதரையில் ஓட்டினால் முள் அசையாது. மேட்டில் மெதுவாக ஏறினால் கொதித்துவிடும்.

"தங்கச்சி, படகுல இந்தத் தொல்லையே கெடையாது," என்றார் ஒருநாள், தலையில் கை வைத்துக்கொண்டு. "கடத்தண்ணியே சுத்திச் சுத்தி வந்து குளுத்திரும். இங்க இந்தக் காத்த நம்பிப் பொழப்பு நடத்த வேண்டியிருக்கு."

அன்று சாயங்காலம் மறுபடி முயன்றோம். நான் ஒரு வாளித் தண்ணீரோடு பாதி மேட்டில் காத்திருந்தேன். ஜீப் வந்து, வழக்கம்போல ஆவி விட்டு நின்றது. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று ஓட்டிவந்த என் கணவரிடம் அண்ணன் கத்தினார். நான் வாளியோடு முன்னால் போய் நின்றேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் துப்பட்டா பின்னால் பறந்தது. முகத்தில் அனல் அடித்தது, அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல.

"என்னங்க," என்றேன். "இந்த விசிறி காத்தை உள்ளதான இழுக்கணும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப எம் மூஞ்சில ஏன் அடிக்குது?"

இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அண்ணன் ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்து முன்கம்பிகளுக்கு முன்னால் பிடித்தார். அது உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக, கையை விட்டுப் பறந்து பாக்கு மரத்தடியில் போய் விழுந்தது.

"நான் செவப்புக்குச் செவப்பு, கறுப்புக்குக் கறுப்பு கரெக்டாத்தான் குடுத்திருக்கேன்!" என்றார் என் கணவர்.

"அதாம் தப்பே!" என்று அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டார். "இது ரேடியேட்டருக்குப் பின்னால இருந்து காத்த இழுக்க விசிறிலா! நான் அதத் தூக்கி, மறுபக்கம் திருப்பி முன்னால மாட்டிட்டேன். அப்படி மாட்டுனா அது வெளியலா ஊதும்! வேகமாப் போம்போது எதுக்காத்து வந்து காப்பாத்திருக்கு. மேட்டுல யாரு காப்பாத்துவா?"

என் கணவர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். இரண்டு வயர்களையும் கழற்றி இடம் மாற்றினார். ஒரு நிமிட வேலை. அண்ணன் இன்னொரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துப் பிடித்தார். அது பட்டென்று கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டுக் கிளம்பினோம். முள் நடுவிலேயே நின்றது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரப் பெண் இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்து, "தீதி, ஹோ கயா?" என்று, சரியாகிவிட்டதா எனக் கேட்டாள். என் கணவர் முந்திக்கொண்டு, தன் வயரிங்கில் தப்பில்லை என்பதையும் சேர்த்தே பதில் சொன்னார்: "ஹோ கயா! வயரிங் ஃபால்ட் நஹி தா!"

எஞ்சின் மாற்றுவதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். இனி வண்டியைக் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் புது எஞ்சின் நம்பரை ஏற்ற வேண்டும். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை போனோம். அதிகாரி பானட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சின் நம்பர் துருவுக்குள் மறைந்திருந்தது. சாக்பீஸைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு குனிந்து அந்த இரும்புத் தட்டைப் பார்த்தார். அதன் ஓரங்களை விரலால் தடவினார்.

"யே கிஸ்னே பனாயா?" என்றார்.

அண்ணன் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, சட்டைப் பைக்குள் கைவிட்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அவரைக் காட்டினேன். "இவர்தான் சார். படகு மெக்கானிக்."

"போட் மெக்கானிக்?" அதிகாரி நிமிர்ந்தார். ஒருமுறை அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றையும் சோதித்தார். என் கணவர் செய்த வயரிங்கைப் பார்த்து, "ஸாஃப் காம் ஹை" என்று வேலையின் சுத்தத்தைப் பாராட்டினார். கையெழுத்துப் போட்டு நீட்டியபோது, தன் மாமனார் வீட்டிலும் இப்படி ஒரு ஜீப் எஞ்சின் போய்க் கிடக்கிறது என்றும், இந்த ஆளின் போன் நம்பர் கிடைக்குமா என்றும் மெதுவாகக் கேட்டார்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குக் கால் தரையில் இல்லை. சமோசாவும் டீயும் வாங்கி, ஜீப்பின் மூடிய பானட் மேலேயே வைத்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.

"இனிமே வண்டி வேலைதானாண்ணே?" என்று கேட்டேன்.

வாயில் சமோசாவோடு தலையை ஆட்டினார். "ஒண்ணே ஒண்ணு பாப்போம் தங்கச்சி. ஆபீசரு மாமனாருது வேற, கோளாறு வந்தா நம்மள விட்டா வைப்பாங்க? ஆனா ஒண்ணு, விசிறிய மட்டும் நீ வந்து பாத்துச் சொல்லிரு."

என் கணவர் இன்னொரு சமோசாவை எடுத்துக்கொண்டார். புரோத்ராபூரில் அண்ணனை இறக்கிவிட்டு, கறியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினோம். எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் போனோம்.