சுவரிலிருந்து இறங்கிய தட்டு

தெல்லிப்பளையில் பராசக்தி வீட்டுக்கு எந்தக் காரியமாக வந்தவர்களும் முதலில் மண்டபத்துச் சுவரைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கம்பிக் கொளுக்கிகளில் ஏழெட்டுப் பீங்கான் தட்டுகள் தொங்கும். ஒன்றில் நீல மலை, ஒன்றில் கொக்கு, ஒன்றில் பெயர் தெரியாத சிவப்புப் பூ. கீழே கண்ணாடி அலுமாரிக்குள் அவற்றுக்கு இசைவாகக் கோப்பைகள். எல்லாம் அவளுடைய கணவர் தியாகராசா மலாயாவிலிருந்து லீவில் வரும்போது வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தவை. மிஷன் பள்ளி ஆசிரியை ஸ்ரெல்லாவின் வீட்டில் சுவரில் தட்டுகளைக் கண்ட நாளில் பராசக்திக்குப் பிடித்த பித்து அது. கிணறு இறைக்கும் வீட்டுக்கு இந்தப் பகட்டு எதற்கு என்று ஊர் முணுமுணுத்தது. பராசக்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவற்றில் ஒரு பருக்கை சோறும் படவிடவில்லை.

பிறகு ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றுபோனது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. தட்டுகளும் ஜப்பானில் செய்தவைதான். எதிரியைச் சுவரில் தொங்கவிட்டு விளக்குக் காட்டுகிறாள் என்று அயலில் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் மலையை இடப்பக்கம் மாட்டுவாள். மத்தியானம் அது பிடிக்காது, கொக்கை அங்கே மாற்றுவாள். பொழுதுபடுவதற்குள் பழையபடி. சுவரெல்லாம் ஆணி ஓட்டை. பாவம், கைக்கு வேறு என்ன வேலை கொடுப்பாள்?

மூன்றாம் வருடம் ஆடி அமாவாசை நெருங்கியபோது தியாகராசாவின் தமையன் அருளம்பலம் வந்தார். தகப்பனை இழந்த ஆண்கள் விரதமிருந்து கீரிமலையில் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாள் அது. இந்த முறை பராசக்தியின் மகன் கதிரவேலுவும் தன்னோடு வந்து தகப்பனுக்கு இறைக்கட்டும் என்றார். தம்பியின் ஆன்மா தாகத்தோடு அலையக்கூடாது என்று சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது. கெட்ட மனிதரல்ல. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் இருபத்திரண்டு வயது மகனும் பெரியப்பாவின் பேச்சைத் தட்டத் தெரியாமல் தலையாட்டினான்.

மகன் எள் இறைத்தால் அவள் விதவை. பொட்டை அழிக்கவேண்டும், தாலியைக் கழற்றவேண்டும். ஒரு சாவோலையும் வராமல், ஒரு பிணத்தையும் காணாமல். இன்னும் ஒரு வருடம் பொறுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். போன வருடமும் இதைத்தானே சொன்னாய் என்றார் அருளம்பலம்.

அமாவாசையன்று விடிந்ததும் மலையை எடுத்துக் கொக்கின் இடத்தில் மாட்டினாள். மனம் ஆறவில்லை. திரும்பவும் எடுத்தாள். இந்த முறை ஆணியைத் தேடவில்லை. தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போனாள். மயிலிட்டிக் கருவாட்டை எடுத்து எண்ணெயில் போட்டாள்.

விரதக்காரன் ஒருவாய் மீன் மச்சம் தின்றால் அன்றைக்குத் தீர்த்தமாட முடியாது. ஊரே சைவமாயிருக்கும் நாளில் அந்த வாசம் வேலி தாண்டி ஒழுங்கை முழுக்கப் போனது. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்த கதிரவேலு வாசலில் திகைத்து நின்றான். உட்காரும் பலகைக்கு முன்னால் நீல மலைத் தட்டில் சோறு, பக்கத்தில் பொரித்த கருவாடு. அவன் தட்டைப் பார்த்தான், தாயின் கழுத்தைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான்.

தர்ப்பையும் எள்ளுமாய் வந்த அருளம்பலம் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்களை வாசல்வரை வந்தார்.

"என்ன வேலை பிள்ளை உது? இண்டைக்குப் பார்த்து உதைச் செய்யலாமோ?"

பராசக்தி எழுந்து நின்றாள்.

"அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது, அத்தான். செத்துப்போனார் எண்டு உங்களுக்கும் தெரியாது. தெரியிற அண்டைக்கு நானே இவனைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவர் மகனைப் பார்த்தார். கதிரவேலு நிமிரவில்லை. கண்ணீர் சோற்றில் விழுந்தது, வாய் மென்றுகொண்டே இருந்தது. தன் தகப்பனுக்கு இறைக்க அருளம்பலம் தனியாகவே கீரிமலைக்கு நடந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ, அம்மா," என்றான் கதிரவேலு.