சோல்வே தட்டிய நாலு

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சோல்வேயைக் கைவிட்டது, கம்ப்யூட்டர் கைவிடவில்லை. சோமா நகரத்தில் குளிர்ப்பெட்டி பழுதுபார்க்கும் கடையில், எந்த வேலைக்கு முதலில் ஆள் போக வேண்டும் என்று பட்டியல் போடுகிறவள் அவள்தான். கடை மவுஸின் வயரை எலி கடித்த வாரத்தில் பட்டியலை விசைப்பலகையாலேயே ஓட்டப் பழகினாள். அம்புக்குறியால் ஒரு வேலையில் போய் நிற்பாள். ஒன்று தட்டினால் சிவப்பு, உடனே போகணும். நாலு தட்டினால் சாம்பல், கிடக்கட்டும். நாற்பது வேலையைத் தரம் பிரிக்க, டீத்தண்ணி கொதிக்கிற நேரம்கூட ஆகாது.

அந்தத் திங்கட்கிழமை பட்டியல் முழுக்கச் சிவப்பு. ஞாயிறன்று போன் எடுத்த முதலாளி சியாம்விசா, வந்ததுக்கெல்லாம் சிவப்பை வாரி வழங்கியிருந்தார். பத்து மணிக்கு மின்வெட்டு. அதற்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

சோல்வே மொத்தப் பட்டியலையும் பிடித்து நாலைத் தட்டினாள். ஊரே சாம்பலானது.

"ஐயோ பொண்ணே! எல்லாரும் அவசரம்னாங்களே!"

"சத்தம் போட்டவங்க சொன்னாங்க முதலாளி. சத்தம் போடாதவங்க யாருன்னு பாக்குறேன்."

முப்பத்தோராவது வரியில் கை நின்றது. 'சுகாதார நிலையம், நர்ஸ் ஹமூங்கா. சோலார் குளிர்ப்பெட்டி கொஞ்சம் சூடாகிறது. நேரம் கிடைக்கும்போது வரவும்.' தேள் கொட்டினாலும் தேளிடம் மன்னிப்புக் கேட்கிற அம்மா அது. பெட்டிக்குள் இருப்பதோ குழந்தைகளுக்கான தடுப்பு மருந்து. சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் அத்தனையும் குப்பைக்கு.

ஒன்றைத் தட்டினாள். உடனே மெக்கானிக் முபிதாவிடமிருந்து போன். அவன் லோசி, இவள் டோங்கா. இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு. என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது.

"ஏ அத்தை மவளே, மாடு மேய்க்கிற கையால என்னத்தத் தட்டுன? நான் கறிக்கடை வாசல்ல நிக்கிறேன், போன்ல பட்டியலப் பாத்தா இந்த வேலை நாலுங்குது!"

"பரவாயில்லையே, மீன்தின்னிக்கு நம்பர் படிக்கத் தெரியுதே! வண்டியத் திருப்பு. நர்ஸம்மாகிட்டப் போ."

"கறிக்கடைக்காரரு என் தோல உரிச்சிருவாரு."

"உரிக்கட்டும். மேளத்துக்கு நான் வாங்கிக்கிறேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை வந்திருக்கும். முறைக்காரி சொன்னதால் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். சோல்வே மற்ற வேலைகளையும் கடகடவென்று தரம் பிரித்து முடிக்க, மின்சாரம் போனது. அப்புறம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகம் ஒன்றும் மிஞ்சவில்லை.

பதினொன்றரைக்கு முபிதா கூப்பிட்டான். "ஏழரை டிகிரியில புடிச்சிட்டேன். மருந்து பூரா நல்லாருக்கு. நர்ஸம்மா தொந்தரவுக்கு மன்னிக்கணுமாம்."

மதியம் மின்சாரம் திரும்பியதும் எவரோ போனில் அவசரம் என்று கத்தினார். முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதெல்லாம் நான் சொல்ல முடியாதுங்க. எங்க சோல்வே பாத்துச் சொல்லணும்."

காதில் விழாத மாதிரி அம்புக்குறியைத் தட்டிக்கொண்டிருந்தாள் சோல்வே. திரையில் தேர்வுக்கட்டம் அரை நிமிடமாக அதே இரண்டு வரிகளுக்கு நடுவில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.