முழு விதையையும் கொடுத்த வாரம்

புதன்கிழமைகளில் மட்டும் என் கணவர் தலை வாரிக்கொள்வார். மற்ற ஆறு நாளும் சீப்பு கண்ணாடிக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கும். புதன் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் போய் பஸ்ஸுக்கு நிற்பார். மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவில், ஒரு நர்ஸைப் பார்ப்பதற்காக.

மாசி மாதத்தில் அவர் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். எப்படி என்பதை நாட்குறிப்பில்கூட நான் எழுதவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்ததால் பிழைத்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்து வந்த பிறகு வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள். டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்து மாத்திரை எழுதுவார். அதற்கு முன் அந்த நர்ஸ் அவரைத் தனியறையில் உட்காரவைத்துப் பேசுவாள். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் மலைப் பெண்தான், பைல் நாட்டுக்காரி; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மணி பார்ப்பேன். முதல் புதன், உள்ளே முப்பத்தெட்டு நிமிடம். அதற்கு முந்தைய நாள் முழுவதும் அவர் என்னிடம் பேசியது பதினொரு சொற்கள். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதினேன். ஒருமுறை கதவு சரியாகச் சாத்தவில்லை. "ஊட்டுக்கு நான் ஒரு பாரங் கண்ணு," என்று அவர் சொல்வது கேட்டது. இருபத்தேழு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதும் இல்லை.

அவள் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "ஏனுங்கம்மா, எத்தனை மணிக்கு முழிக்கறாரு, என்ன சாப்படறாரு, எதுல ஆசை இல்லாம இருக்காரு, எல்லாங் குறிச்சிட்டு வாங்க. அப்பறம் நீங்களும் நேராக் கேளுங்க, சாகோணும்னு நெனப்பு வருதான்னு."

"அதைப் போய்க் கேப்பாங்களா?"

"கேக்கறதால நெனப்பு வந்துராதுங்கம்மா. இருக்கறதச் சொல்ல ஒரு வழி கெடைக்கும்."

குறிப்பது எனக்குப் புதிதல்ல. அங்கன்வாடியில் பத்தொன்பது வருடமாகக் குழந்தைகளின் எடையும் உயரமும் எழுதுகிறவள் நான். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, இரண்டு வாய்ச் சோறு, மிளகுக்கொடி பக்கம் போகவில்லை என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. வாய் கூசியது என்பது பாதி உண்மை. அது அவளுடைய கேள்வி, அவள் சொல்லிக்கொடுத்து நான் என்ன என் புருஷனிடம் கேட்பது என்பது மீதிப் பாதி.

வைகாசியில் ஒரு வாரம் எல்லாம் சட்டென்று மாறியது. திங்கட்கிழமைக் குறிப்பு இப்படி: "ஆறு மணி நேரம் தூக்கம். களி முழுவதும் சாப்பிட்டார். இரண்டு முறை சிரித்தார். தம்பி வீட்டுக்குப் போய் சாமை விதை முழுவதையும் கொடுத்துவிட்டு வந்தார். உறவோடு கலந்து பழகுகிறார்." கடைசி வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டேன். அவரைத் தேற்றியது என் வீடும் என் சமையலும்தான், அந்த அறை அல்ல என்று இருந்தது எனக்கு.

செவ்வாய்க்கிழமை சொன்னேன்: "ஏனுங்க, நல்லாத்தானே இருக்கீங்க. நாளைக்குப் போகோணுமா?"

"வேண்டாம் புள்ள," என்றார் உடனே. நான் ஜெயித்துவிட்டேன்.

புதன் காலை சீப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கன்வாடிக்கு ஏற்கெனவே லீவு சொல்லியிருந்ததால் நானும் வீட்டில்தான் இருந்தேன். பத்தே முக்காலுக்கு அவள் போன் செய்தாள்.

"ஏனுங்கம்மா, அப்பா இன்னும் வல்லீங்களே?"

"இனி தேவைப்படாதுங்க. நான் எழுதி வெச்சிருக்கறதப் படிக்கறேன், கேளுங்க," என்று நோட்டை எடுத்துப் பெருமையாகப் படித்தேன். விதை வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"எவ்வளவு விதைங்க?"

"இருந்தது பூராவும்."

"வேற விதை வாங்கி வெச்சிருக்காரா? இல்ல, மரவள்ளி போடறேன்னு ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லீங்களே."

"அம்மா, பசி வந்தாக்கூட எங்கப்பன் விதைப்பானையில கை வெக்கமாட்டாரு. விதைக்கப்போறவன் எப்படிங்க பூராவுங் குடுப்பான்? அதுவும் மழை வர்ற நேரத்துல? உங்க ஊட்டுக்காரரு இப்ப எங்க இருக்காரு?"

என் அப்பா கட்டட வேலைக்காக மலையிறங்கி முள்ளுக்குறிச்சியில் குடியேறியவர். நான் அங்கே பிறந்து, இந்த எடப்புளி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காடு அவர் பாடு, எனக்கு அங்கன்வாடி. விதைப்பானை காலியானதைக் கண்ணால் பார்த்து, நல்லதென்று எழுதிச் சிவப்புக் கோடும் போட்டிருக்கிறேன்.

"பலாமரத்தடியில இருக்காரு," என்றேன்.

"பக்கத்துல போங்க. போனைக் கட் பண்ணாதீங்க. நீங்களே கேளுங்க."

போனை நீட்டி, நீயே கேள் என்றிருக்கலாம். நீட்டவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, "ஏனுங்க, சாகோணும்னு நெனப்பு இருக்குதா?" என்றேன்.

கீழே கிடந்த பலா இலை ஒன்றை எடுத்து மடித்தார். பிறகு, "ஆமா புள்ள," என்றார்.

"எப்பங்க?"

"வெள்ளிக்கெழம உனக்குக் கீழ கூட்டம் இருக்குதில்ல."

வெள்ளிக்கிழமை அங்கன்வாடிக் கூட்டம், பகல் முழுக்க வீட்டில் இருக்கமாட்டேன் என்று என் நோட்டில் நான்தான் எழுதியிருந்தேன். அவர் படித்திருக்கிறார்.

அவர் கையைப் பிடித்தேன். விடவில்லை. நர்ஸ் சொன்னபடி பக்கத்து வீட்டு ஜீப்பில் இருவரும் கீழே போனோம். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரையை மாற்றினார்கள். அறைக்குள் மூன்றாவது நாற்காலி ஒன்றைப் போட்டு என்னையும் உட்காரச் சொன்னாள். அப்போதும் அவர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். அவள் போன் செய்யாமல் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

"முடிவு பண்ணிட்டாச் சிலருக்கு மனசு லேசாயிருங்கம்மா. பாக்கறவங்களுக்குத் தேறுன மாதிரித்தான் இருக்கும்," என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். கொழுந்தனார் பெண்டாட்டியிடம் போய் விதையைத் திருப்பிக் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, குடுத்த வெதயத் திருப்பிக் கேக்கற ஊட்ட இப்பத்தான் பாக்கறேன். உங்க ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவர்கள் விதைத்தது போக மீதி இருந்ததைப் பானையோடு தூக்கிக்கொண்டு என்னுடன் நடந்து வந்தாள்.

பருவம் தவறித்தான் விதைத்தோம். பயிர் கொஞ்சம் கட்டை.

இப்போது நாட்குறிப்பில் ஒரு பத்தி கூடியிருக்கிறது: "கேட்டேன்." தினமும் காப்பி குடித்தபின் கேட்கிறேன். அவர் பதில் சொல்கிறார். சில நாள் ஆமாம் என்கிறார். அன்று அவரைத் தனியே விடாமல் கீழே போன் செய்கிறேன். நேற்று சொன்னார்: "இன்னைக்கு இல்ல புள்ள. புதங்கெழம அந்தக் கண்ணுகிட்டயுஞ் சொல்லோணும்."

அவர் சொன்னதில் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிப் பேனாவை மூடினேன். பிறகு திறந்து இரண்டாவதையும் எழுதினேன்.