மீரான் மாமா யாரையும் நம்பியதில்லை

கிளேபாங், புக்கிட் ரம்பாய், கோலா சுங்கை பாரு வட்டாரங்களில் வசிக்கும் பூனை வளர்ப்போர் அனைவருக்கும் பணிவன்புடன் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் யாரும் வீட்டுச் சோபாவை நகர்த்தித் தூசு தட்ட வேண்டிய அவசியமில்லை. அதற்கு அடியில் குனிந்து பார்க்கும் ஒரே ஆள் இனி வர மாட்டார்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இப்படித்தான் போட நினைத்தேன். விரல் வரவில்லை. மாமாவின் மகள் பாத்திமா அக்கா போனில் சொன்னதை அப்படியே, "மீரான் மாமா காலையில ஆஸ்பத்திரியில தவறிட்டாரு" என்று மட்டும் போட்டேன். உடனே பதில் வந்தது: "டே தர்மா, வெளாடாத லா." என் புகழ் அப்படி. அடுத்த பதில் அதைவிட மோசம்: "இது மாமாவோட வேலையாத்தான் இருக்கும். செத்துட்டேன்னு சொன்னா யாரு மொதல்ல பூனைங்களப் பத்திக் கேக்குறாங்கன்னு பாக்குறாரு." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவர்கூட அழவில்லை. எல்லாரும் உஷாராக, "பூனைங்களுக்குச் சாப்பாடு வச்சாச்சா?" என்று கேட்டார்கள். கடைசியில் பாத்திமா அக்காவே குரல் பதிவு அனுப்ப வேண்டியிருந்தது. "வாப்பா உண்மையாவே போயிட்டாங்க. சந்தேகப்படாம வாங்க."

அன்று மாலையே அடக்கம் முடிந்தது. மாமாவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் வெறும் நினைவஞ்சலி என்று நினைத்து, இரண்டு சொட்டுக் கண்ணீரோடு தப்பித்துவிட வேண்டாம். மாமா தன் மளிகைக் கடையின் பின்னறையில் வைத்து வீடு தேடிக்கொண்டிருந்த பூனைகள் எல்லாம் வீடு சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்கிறார்கள். பாத்திமா அக்காவுக்கு ஆஸ்துமா. அந்த ஒன்றுக்கு, அதன் ஆயுள் இருக்கும்வரை மாறாத ஒரு வீடு வேண்டும். அதனால் கடைசிவரை படியுங்கள்.

நான் முதன்முதலில் மாமாவிடம் போனது நல்ல எண்ணத்தோடு அல்ல. அப்போது நான்காம் படிவம், பதினாறு வயது. பள்ளிப் பையைத் திறந்தால் பூனைக்குட்டி எட்டிப் பார்க்க வேண்டும், ஆசிரியை அலற வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். மாமா காய்ந்த மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு பூனைக்குட்டி வேணும்."

"எதுக்கு?"

"வளக்கத்தான்."

"எத்தன நாளைக்கு?"

"என்ன மாமா, வாடகைக்கா கேக்குறேன்?"

"அதான் தெரியல. எந்த ஊரு நீ?"

"புக்கிட் ரம்பாய்."

"பேச்சக் கேட்டா ரம்பமே அங்கதான் செய்யறாங்க போல."

அதற்குப் பிறகு தொடங்கியது விசாரணை. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? கருத்தடை செய்ய யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? வயதாகிக் கண்ட இடத்தில் மூத்திரம் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? நான் சலித்துப்போய், "மாமா, நான் தத்தெடுக்க வந்தேன், நீங்க தத்துவம் பேசுறீங்க" என்றேன். அந்த நகைச்சுவைக்கு இன்றுவரை நான் மதிப்பெண் கொடுப்பேன். மாமா கொடுக்கவில்லை. என் பள்ளிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலிப் பைய எதுக்குத் தம்பி தொறந்து வச்சிருக்க?" என்றார். நான் ஜிப்பை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்கும் சந்தேகம் வந்தது. இத்தனை பூனைகளை வைத்துக்கொண்டு கேட்டவனுக்குக் கொடுக்காத மனிதர் வேறு எதற்கு வைத்திருக்கிறார்? கோலாலம்பூர்ப் பணக்காரர்களுக்கு ரகசியமாகக் கைமாற்றுகிறாரோ? துப்பறிய முடிவு செய்தேன். என் அத்தை மகள் ஷாலினியை அனுப்பினேன். எல்லாக் கேள்விக்கும் பதில் மனப்பாடம். நான் வெளியே, தேங்காய் ஷேக் விற்கும் கடையோரம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தேன். மாமா அவளுக்குத் தேநீர் கொடுத்தார், பதில்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். பிறகு சொன்னாராம்: "நல்லாப் படிச்சிருக்கேம்மா. வெளிய வெயில்ல ஹெல்மெட்டோட ஒருத்தன் வேகுறானே, அவனுக்கும் ஒரு டீ குடுத்துட்டுப் போ."

இனி வருவது உங்களில் பாதிப் பேர் என் வாயாலேயே கேட்ட கதை. மாமாவை ஏமாற்றிய ஒரே ஆள் நான் என்ற கதை.

பூனை கொடுத்த வீடுகளின் தீபாவளித் திறந்த இல்லத்துக்கெல்லாம் மாமா போவார் என்று எல்லாருக்கும் தெரியும். திறந்த இல்லத்துக்கு அழைப்பு எதற்கு, யாரும் வரலாம், அதுதானே நம் வழக்கம். ஆனால் மாமா இரண்டு முறுக்கு, ஒரு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டார். சாப்பிட வராதவர் எதற்கு வருகிறார்? சோபாவுக்கு அடியில் பார்க்க. நாம் விருந்தாளி என்று வரவேற்றோம், அவர் சோதனை முடித்துவிட்டுப் போனார். சரி, சோதனைக்கு என் வீட்டையே தயார் செய்துவிட்டால் என்ன? ஜன்னல் கிரில்லுக்கெல்லாம் வலை மாட்டினேன். மூலையில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். மாமாவைக் கடைக்கே போய் அழைத்தேன்.

வந்தார். வலையைத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து மாட்டுனதா?"

"இல்ல மாமா, ரொம்ப நாளாச்சு."

"வெல ஸ்டிக்கர் உரிக்க மறந்துட்டியே."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனார். அப்பா தன் லாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குப் பூனை பிடிக்காது என்பது ஊரறிந்த செய்தி. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். டயரைப் பற்றி என்று நினைத்தேன். மறு வாரம் மாமாவே கூண்டோடு வந்து இறங்கினார். உள்ளே காது கிழிந்த ஒரு கடுவன். அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதுபோல நான் அதற்கு டத்தோ என்று பட்டம் வழங்கி, "மீரான் மாமாவை மடக்கியாச்சு" என்று குழுவில் போட்டேன். டத்தோ என் நோட்டுப் புத்தகத்தின் மேல் படுப்பது, டத்தோ என்னை முறைப்பது, எல்லாவற்றையும் வீடியோவாகப் போட்டேன். நீங்கள்தான் பார்த்தீர்களே.

டத்தோ வந்த பிறகு மாமா வருவது நிற்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொண்டுவந்தார். டப்பாவை விட்டுவிட்டுப் போனார். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் கிடையாது. அம்மா அதில் முறுக்கு போட்டு வைத்தார். அதை வாங்க மாமா வந்தார், வாங்கும்போது இன்னொரு டப்பாவை வைத்துவிட்டுப் போனார். அதை வாங்க மறுபடியும். வரும்போதெல்லாம் டத்தோவின் வாயைத் திறந்து பல் பார்ப்பார், வயிற்றைத் தடவுவார். "இந்த மனுசன் டப்பா எடுக்க வரலடா, வேவு பாக்க வர்றாரு" என்றார் அம்மா. ஆனாலும் டப்பாவை நிரப்பாமல் விட்டதில்லை. உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று அடக்கத்தன்று பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. ஊர் முழுக்க டப்பா வைத்தே வலை பின்னியிருக்கிறார் மனிதர்.

ஒரு நாள் அப்படி வந்தவர் உட்காரவே இல்லை. டத்தோ மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. எனக்கு அது வேடிக்கையாகத் தெரிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா என் போனைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். "மணலு காஞ்சு கெடக்கு. மூத்திரம் அடைச்சிருக்கு. இப்பவே கிளினிக்" என்றார். அப்பா சட்டைகூட மாற்றாமல் டத்தோவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் போயிருக்கும் என்றாராம் மருத்துவர். அன்றைக்கு மாமா முறுக்கு டப்பாவை மறந்தே போனார்.

இனி அந்த ஒரு பூனைக்கு வருகிறேன். வெள்ளையில் சாம்பல் திட்டு, வயதானது. மாமா அவளை நாச்சியா என்று அழைப்பார். கோலா சுங்கை பாருவிலிருந்து ஒரு தம்பதி அவளைத் திருப்பிக் கொடுக்க வந்த நாளில் நானும் கடையில் இருந்தேன். பல வருடங்கள் வைத்திருந்தவர்கள். புது வீடு, புதுச் சோபா, முடி கொட்டுகிறது என்றார்கள். அந்தப் பெண் கூண்டைத் தரையில் வைத்து, "பேரு பிரின்ஸஸ்" என்றார். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூண்டை வாங்கிக்கொண்டு, "கொண்டாந்து குடுத்ததுக்கு நன்றிம்மா" என்றார். கார் போனதும் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்ன மாமா, என்னைய அந்தக் கிழி கிழிச்சீங்க. இவங்கள நாலு வார்த்த கேக்காம விட்டுட்டீங்க?"

"கேட்டா அடுத்தவன் இங்க கொண்டாற மாட்டான்டா. மீன் பாசார் பின்னால விட்டுட்டுப் போயிருவான்."

"அதுக்காக நன்றியா?"

"தப்பு அவங்க மேல இல்ல. அன்னிக்கு நான்தான் ஒழுங்கா சந்தேகப்படல."

நாச்சியா கடை வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். தெருவில் எந்தக் கார் நின்றாலும் காது திரும்பும். கதவு திறந்து வேறு யாராவது இறங்கினால் காது பழையபடி மடங்கும். சோறு தொடவில்லை. மாமா கல்லாவிலிருந்து தன் முக்காலியைத் தூக்கிவந்து அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாடிக்கையாளர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கருவாட்டைப் பிய்த்துப் பிய்த்து விரல் நுனியில் நீட்டினார். நான் கிளம்பும்வரை அவள் தின்னவில்லை, அவர் எழுந்திருக்கவும் இல்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றாத நாள் அது ஒன்றுதான்.

பின்னறையில் இப்போது இருப்பது அந்த நாச்சியாதான். அடக்கம் முடிந்த பிறகு பாத்திமா அக்கா, "வாப்பா மாதிரியே கேள்வி கேக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். ஏன்னா அம்புட்டும் உன்கிட்டதான் கேட்டாங்க" என்றார். மற்ற பூனைகளைக் கேட்டு வந்தவர்களை நான்தான் விசாரித்தேன். ஒரு அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்றார், வேண்டாம் என்றேன். ஒரு அக்காவிடம் வீட்டு முதலாளி பூனைக்கு ஒப்புக்கொண்டாரா என்று கேட்டேன், அங்கேயே போன் போட வைத்தேன். "என்ன தம்பி, பொண்ணா குடுக்கப் போற?" என்றார் ஒருவர். நாச்சியாவைக் கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை.

மீரான் மாமாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய சந்தேகம்தான். அது அவருக்கு மனிதர்கள் மேல் இருந்த வெறுப்பு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியல்ல. வாயில்லாத ஒன்றுக்காக யாராவது முன்கூட்டியே சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தச் சந்தேகத்தை ஊர் முழுக்கப் பயன்படுத்திவிட்டு, கடைசியாகப் போன வாரம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லாரி கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், நாச்சியாவை நாமே எடுத்துக்கொள்ளலாமா என்றேன்.

"யாரு பாத்துக்குறது?"

"நான்தாம்ப்பா. டத்தோவையே மாமா என்னை நம்பித்தான குடுத்தாரு."

அப்பா குழாயை மூடினார். "உன்னைய நம்பியா? அன்னிக்குத் தீபாவளிக்குப் பாய் என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? 'உங்க மகன் நல்ல பையன், ஆனா படிக்க வெளியூர் போயிருவான். பூனை இங்கதான் இருக்கும். நீங்க எடுத்துக்குறதா இருந்தா தர்றேன், அவனுக்குத் தர மாட்டேன்'னாரு. நான் சரின்னேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னதும் அவர்தான். பையன் சந்தோசமா இருக்கட்டும்னாரு."

அப்பா நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவர், இன்னொரு பூனையை, அதுவும் வயதானதை, அவரால் ஏற்க முடியாது. அதை அவரே சொன்னார், நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த வருடம் நான் இந்த ஊரில் இருக்க மாட்டேன். ஆகவே நாச்சியாவுக்கு வீடு தரக்கூடியவர் உங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எங்கும் போகாதவராக, முடி கொட்டினால் பெருக்குகிறவராக. வீட்டைப் பார்க்கப் பாத்திமா அக்காவும் அப்பாவும் வருவார்கள். நான் வர மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. மாமாவை மடக்கியதாக நான் குழுவில் போட்ட பதிவை இன்று காலையில்தான் அழிக்கப் பார்த்தேன், பழையதை அழிக்க முடியாதாம். எனவே இங்கேயே எழுதிவிடுகிறேன்: மாமாவை நான் ஏமாற்றவில்லை, அவர் எனக்குப் பூனையும் கொடுக்கவில்லை. டத்தோவின் மணலை இன்றுவரை அள்ளுவது பூனை பிடிக்காத என் அப்பா. நான் அள்ளியதெல்லாம் லைக்குகள்தான்.